நுரைத்த சோப்பும் கருகிய மல்லிகையும்: மடிப்பாக்கத்து வீட்டுத் தோட்டம் ஒன்றின் இளவேனில்

மாசி பாதி கழிந்தும் மல்லிகை துளிர்க்கவில்லை என்பதுதான் எனக்கு முதலில் வந்த தகவல். கூடவே மாடியில் தக்காளிப் பூ உதிர்கிறது, கறிவேப்பிலை வெளுக்கிறது, மாம்பிஞ்சு கொட்டுகிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரே தோட்டத்தில் இத்தனை வகைச் செடிகள் ஒரே நேரத்தில் தளர்ந்தால் நோயையோ பூச்சியையோ முதலில் தேடக் கூடாது. எல்லாச் செடிக்கும் பொதுவாகப் போய்ச் சேர்வது எது என்று பார்க்க வேண்டும்.

வீடு மடிப்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அதிகத் தொலைவில்லாத ஒரு தெருவில் இருக்கிறது. வாசலுக்கு இடப்புறம் முதிர்ந்த பங்கனப்பள்ளி மரம். அதற்கும் மதிலுக்கும் நடுவே குண்டுமல்லிப் பாத்தி. வீட்டின் வடக்குச் சந்தில் வெற்றிலைக் கொடியும் ஓமவல்லியும். மொட்டை மாடியில் வளர்ப்புப் பைகளில் தக்காளி, மிளகாய், கத்திரி, கீரை, இரண்டு பெரிய தொட்டிகளில் கறிவேப்பிலை. கேட்டை ஒட்டி ஒரு செம்பருத்தி. ஓய்வுபெற்ற தம்பதியர் வசிக்கிறார்கள். தோட்டம் முழுக்க அந்த வீட்டு அம்மாவின் பொறுப்பு. பக்கத்து ஊர்க்காரன் என்பதால் என்னைத் தம்பி என்றுதான் அழைப்பார். கையில் மண் படாமல் ஒரு நாளும் கழியாத மனிதர். அவர் பராமரிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை என்பதை முதலிலேயே பதிந்துவிட வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வின் பாதி அதில்தான் இருக்கிறது.

மல்லிகையைக் கார்த்திகைக் கடைசியில் தரையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று மேலே விட்டு முறையாகக் கவாத்து செய்திருந்தார். தொழு உரம் இட்டிருந்தார். அப்படிச் செய்தால் தை, மாசியில் புதுக்கிளை விட்டு, பங்குனியில் மொட்டு கட்டத் தொடங்கி, ஆனி வரை பூக்க வேண்டும். மல்லிகையின் மொட்டு புதுக்கிளையில்தான் வரும், ஆகவே துளிர் இல்லாவிட்டால் பூவும் இல்லை. அங்கே துளிர் வந்த கிளைகளிலும் இலை சிறுத்திருந்தது. முதிர்ந்த இலைகளின் விளிம்பு தீயில் காட்டியதைப் போலப் பழுப்பேறியிருந்தது.

விளிம்பு கருகுவதைப் பார்த்துச் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், குறைவு என்று அம்மா நினைத்தார். அதில் தவறில்லை. சாம்பல் சத்து குறைந்தாலும் முதிர்ந்த இலையின் விளிம்புதான் முதலில் காயும். அதனால் அடுப்புச் சாம்பலையும் வாழைப்பழத் தோல் ஊறலையும் கொடுத்தார். கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினார். வெயில் ஏறியதும் தண்ணீரை இரு மடங்காக்கினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கருகல் கூடியதே தவிரக் குறையவில்லை.

"உரமும் குறைக்கவில்லை, தண்ணீரும் குறைக்கவில்லை தம்பி. போன வருஷம் இதே பாத்தியில் ஆழாக்கு ஆழாக்காக மொட்டு பறித்தேன்" என்றார்.

போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவே என்ன மாறியது என்று கேட்டேன். ஒன்றும் மாறவில்லை என்றார். வீட்டில் யாரும் மறைக்கவில்லை. மாறிய பொருளுக்கும் தோட்டத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கேட்டருகே இருந்த செம்பருத்திதான் முதல் தடயம். அதே மண், அதே வெயில், அதே தொழு உரம். ஆனால் அதன் இலைகளில் கருகலே இல்லை. அதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று விசாரித்தபோது, வாசல் தெளிக்க வரும் பெண்மணி தரைத்தொட்டியிலிருந்து வாளியில் முகந்து ஊற்றுகிறார் என்று தெரிந்தது. மற்ற எல்லாச் செடிகளுக்கும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தோட்டக் குழாய். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும், பற்றாக்குறை நாளில் வாங்கும் லாரித் தண்ணீரும் தரைத்தொட்டியில் விழுந்து, அங்கிருந்துதான் மேலே ஏறுகின்றன. ஆக, கீழே ஒரு தண்ணீர், மேலே ஒரு தண்ணீர்.

தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் இரண்டையும் அளந்தேன். கீழே லிட்டருக்கு 1,350 மில்லிகிராம் அளவில் உப்பு, மேலேயும் ஏறக்குறைய அதே அளவு. சென்னைப் புறநகரின் ஆழ்துளைக் கிணறுகளுக்கு இது புதிதல்ல. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன நீர் வழிகாட்டுதல்படி 450 மில்லிகிராம் வரை கவலை இல்லை, 450 முதல் 2,000 வரை கவனம் தேவை, அதற்கு மேல் கடுமையான சிக்கல். 1,350 நல்ல தண்ணீர் அன்று, ஆனால் அதே தண்ணீரில் செம்பருத்தி செழித்திருக்கிறது. மீட்டரோடு நின்றிருந்தால் தண்ணீரின் மீதான சந்தேகத்தையே கைவிட்டிருக்க வேண்டியதுதான்.

மண் படிந்த கையைத் தோட்டக் குழாயில் கழுவும்போது விடை கிடைத்தது. சோப்பு கொழகொழவென்று நுரைத்தது, எவ்வளவு அலசியும் வழுவழுப்பு போகவில்லை. 1,350 காட்டும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு திரியுமே தவிர இப்படி நுரைக்காது. தண்ணீரின் கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியமும் மெக்னீசியமும் காணாமல் போயிருக்கின்றன, ஆனால் மொத்த உப்பு குறையவில்லை. அப்படியானால் அவற்றின் இடத்தில் வேறேதோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

"வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் வைத்திருக்கிறீர்களா அம்மா?"

வைத்திருந்தார்கள். ஆவணியில் மகன் வாங்கிக் கொடுத்தது. கீசர் அடிக்கடி உப்புப் படிந்து பழுதாகிறது, முடி கொட்டுகிறது, குளியலறைச் சுவரில் வெள்ளைத் திட்டு போகவில்லை என்று பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு. தரைத்தொட்டிக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் நடுவே, மோட்டார் பக்கத்தில் பொருத்தியிருந்தார்கள். ஆக, வீட்டின் ஒவ்வொரு குழாயிலும் அந்தத் தண்ணீர்தான், தோட்டக் குழாய் உட்பட.

இந்தக் கருவி வேலை செய்யும் விதம் தெரிந்தால் மீதி எல்லாம் தானே விளங்கும். உருளைக்குள் சின்னச் சின்னப் பிசின் மணிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் சோடியம் ஒட்டியிருக்கும். கடின நீர் அதன் வழியாக ஓடும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மணிகள் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. உப்பு நீங்குவதில்லை, ஓர் உப்பு போய் இன்னோர் உப்பு வருகிறது. அதனால்தான் மீட்டரில் எண் மாறவில்லை. மணிகளில் சோடியம் தீர்ந்ததும் சமையல் உப்பை அடர்த்தியாகக் கரைத்து அவற்றை அலசி, பிடித்துவைத்த கால்சியத்தையெல்லாம் கழுவித் தள்ளி, மீண்டும் சோடியம் ஏற்ற வேண்டும். அலசிய கழிவுநீர் கடும் உப்புக் கரைசல். அது எங்கே போகிறது என்று குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன். மல்லிகைப் பாத்தியின் ஓரத்தில், மாமரத்தின் வேர்ப் பரப்புக்குள் முடிந்தது. தண்ணீர் வீணாகாமல் செடிக்குப் போகட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் திருப்பிவிட்டிருந்தார்கள்.

மூன்றாவது தண்ணீர் ஒன்றும் இருந்தது. ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரைக் குடத்தில் பிடித்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் தண்ணீரை மதிக்கும் வீடுகள் பலவற்றிலும் இந்தப் பழக்கம் உண்டு. 2019 கோடையைப் பார்த்தவர்கள் ஒரு குடத்தைக்கூடச் சாக்கடையில் கொட்ட மனம் வராமல் இருப்பது நியாயம்தான். ஆனால் குடிநீரிலிருந்து நீக்கிய உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. மீட்டர் 1,900 காட்டியது. உள்ளே போவதே சோடியம் மிகுந்த மென்னீர் என்பதால் வெளியே வருவது அதைவிடச் செறிவான சோடியம்.

பாதிப்பு ஆவணியிலேயே தெரியாமல் மாசியில் தெரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. சென்னைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவை குறைவு, ஊற்றிய உப்பையும் மழை அலசிவிடும். தை பிறந்த பிறகு வானத்திலிருந்து வருவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. வெயில் ஏற ஏற நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. மாசி, பங்குனியில் தண்ணீரைக் கூட்டினால் கூடவே உப்பையும் கூட்டுகிறோம். இந்த நகரத்தின் இளவேனில் தோட்ட வேலையில் நடவைவிட, உரத்தைவிட, என்ன தண்ணீர் என்ற கேள்விக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மண்ணையும் சோதித்தோம். அதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. ஏசியின் வடிகுழாயிலிருந்து சொட்டும் நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தோம். காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்த நீர் அது, உப்பே இல்லாதது என்று சொல்லிவிடலாம். மீட்டர் 20 காட்டியது. பாத்தி மண்ணில் காய்ந்த சிறு கட்டி ஒன்றை அதில் மெதுவாக இறக்கி, அசைக்காமல் வைத்துவிட்டோம். நல்ல களிமண் கட்டியாக இருந்தால் உதிரலாம், ஆனால் நீர் தெளிவாகவே இருக்கும். சோடியம் ஏறிய களிமண்ணின் நுண்துகள்கள் ஒன்றையொன்று பற்றாமல் பிரிந்து மிதக்கும். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போன்ற கலங்கல் படர்ந்தது. செம்பருத்தியடி மண்ணை அடுத்த டம்ளரில் போட்டிருந்தோம். அது தெளிவாகவே இருந்தது. இரண்டு டம்ளர்களையும் பார்த்த ஐயா, அதுவரை செய்தித்தாளைவிட்டு எழாதவர், பிளம்பருக்குத் தாமே போன் செய்தார்.

கலங்கும் மண் தோட்டத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது பாத்தியிலேயே தெரிந்தது. பிரிந்த துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. தண்ணீர் ஊற்றினால் மேலே தேங்கும், காய்ந்தால் ஓடு போல இறுகும், அடியில் வேர் மூச்சுத் திணறும். மேலே ஈரம் தேங்கியிருக்கும்போதே செடி வாடும். வாடுகிறதே என்று மறுபடி ஊற்றுவோம்.

சீரமைப்பைக் குழாயிலிருந்து தொடங்கினோம். சாஃப்ட்னருக்கு முன்பாக ஒரு T வடிவ இணைப்பும் வால்வும் வைத்து, தோட்டத்துக்கும் மாடிக்கும் தனிக் குழாய் இழுக்கப்பட்டது. உப்பு அலசும் கழிவுக் குழாய் கழிவுநீர் இணைப்புக்கு மாறியது. மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு மாற்றிவிடலாமே என்று பிளம்பர் கேட்டார். கூடவே கூடாது. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட அந்த அமைப்பு நிலத்தடி நீரை இனிக்கச் செய்வதற்காக உள்ளது. அதற்குள் உப்புக் கரைசலை இறக்கினால் இந்த வீட்டின் கிணற்றோடு அண்டை வீட்டுக் கிணறும் கெடும். சாஃப்ட்னரையே எடுத்துவிடச் சொல்லவில்லை. கீசருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அது பயன்தான். வாங்க நினைப்பவர்கள் குளியலறைக்குப் போகும் வரிசையில் மட்டும் வைத்துக்கொண்டால் இந்தச் சங்கடமே வராது.

அடுத்தது பாத்தி மண். சோடியத்தைக் களிமண்ணிலிருந்து விரட்டக் கால்சியம் வேண்டும். அதற்கு மலிவான வழி ஜிப்சம். நிலக்கடலைக்கு இடுவதற்காக உரக் கடைகளில் விற்கும் வேளாண் ஜிப்சம்தான். கட்டட வேலைக்கான பொடியை வாங்கக் கூடாது. சதுர மீட்டருக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இடலாம். இறுகிய மேலோட்டை வேர் அறுபடாமல் கைக்கொத்தால் கீறி, முக்கால் கிலோ கணக்கில் தூவிக் கிளறினோம். ஜிப்சம் தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும். ஒரே நாளில் வெள்ளமாக விட்டுப் பயனில்லை. பல வாரங்களுக்கு, ஒவ்வொரு முறையும் ஆழமாக இறங்கும்படி நனைக்க வேண்டும்.

எந்தத் தண்ணீரால் நனைப்பது என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் சற்று நேரம் வாதம் நடந்தது. ஏசி தண்ணீர்தான் உப்பில்லாததாயிற்றே, அதையே சேர்த்துவைத்துப் பாத்திக்கு விடலாம் என்றார். கேட்பதற்குச் சரியாக இருக்கிறது, ஆனால் இந்த மண்ணுக்கு அது ஆகாது. சோடியம் ஏறிய களிமண்ணில் உப்பற்ற நீர் விழுந்தால் துகள்கள் இன்னும் வேகமாகப் பிரியும். டம்ளரில் நாம் பார்த்தது அதைத்தான். கால்சியம் நிறைந்த கடினமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே இங்கே மருந்துக்குத் துணை. குளியலறையில் பகையாக இருந்த தண்ணீர் பாத்தியில் நட்பானது.

ஏசி தண்ணீரின் இடம் மொட்டை மாடி. அங்கே பைகளில் இருப்பது களிமண் அல்ல, செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை. அதில் துகள் பிரிந்து இறுகும் அச்சம் குறைவு, உப்புச் சேர்வதுதான் சிக்கல். பையின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சாக அது தெரிந்தது. நார்க்கழிவும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவந்திருக்கக் கூடும். கழுவாத நார்க்கழிவுக் கட்டியில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே மிகுதி. வாங்கியதும் ஊறவைத்து, பிழிந்து, நீரை மாற்றி மாற்றி அலசிய பிறகே கலக்க வேண்டும். இந்தப் பைகளுக்கு ஒவ்வொரு கைப்பிடி ஜிப்சம் இட்டு, பையின் கொள்ளளவைப் போல இரு மடங்கு தண்ணீரை, அடித்துளை வழியாக வழிந்தோடும்படி மெல்ல மெல்ல ஊற்றி அலசினோம். முதலில் வழிந்த நீர் தேநீர் நிறத்தில் வந்தது. அதன் பிறகு ஏசி நீரைக் குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து கொடுத்தோம். சென்னையின் ஈரக் காற்றில் இரவு முழுக்க ஓடும் ஓர் ஏசி காலைக்குள் வாளியை நிரப்பிவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த நீர் பின்சுவரில் பாசி பிடிக்கவைத்துவிட்டுப் போகிறது. கோடையில் ஒரு நகரமே தன் சுவர்களில் வழியவிடும் நல்ல நீர் அது. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு மனம் ஆறாது.

ஆர்.ஓ. கழிவைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஒதுக்கினோம். கறிவேப்பிலையின் வெளுப்பு தனிக் கதை. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது, அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும், காரத்தன்மை ஏறினால் வேரால் எடுக்க முடியாது. சாம்பல் இட்டது அதைக் கூட்டியிருக்கிறது. லிட்டருக்கு 5 கிராம் பெர்ரஸ் சல்பேட் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்து, மாதம் ஒரு முறை தொடரச் சொன்னேன். புளித்த மோர் ஊற்றும் வழக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை, உப்பிட்ட மோராக இல்லாதிருந்தால் போதும்.

பங்குனி முழுக்க இலைச் சருகு சேர்த்தோம். வேம்பும் புங்கையும் மாசியில் இலை உதிர்த்துப் பங்குனியில் தளதளவென்று துளிர்த்துவிடுகின்றன. தெருவில் காசில்லாமல் கிடக்கும் மூடாக்கு அது. ஜிப்சம் இட்ட பாத்தியின் மேல் மூன்று விரல் கனத்துக்கு, தண்டைத் தொடாமல் பரப்பினோம். சோடியப் பாதிப்புள்ள மண்ணுக்கு மூடாக்கு இரட்டை நன்மை. ஆவியாவது குறைவதால் அடியிலுள்ள உப்பு மேலேறி வருவது தடைபடுகிறது, தண்ணீர் நேரடியாக மோதி மேலோடு இறுகுவதும் நிற்கிறது.

வடக்குச் சந்து வெற்றிலைக்கு உப்பைத் தவிர இன்னொரு துன்பம் காத்திருந்தது. குளிர்காலம் முழுக்கச் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுவதால் அந்தச் சந்தில் நாள் முழுக்க நிழல். வெற்றிலைக்கு உகந்த இடம் என்று அதனால்தான் அங்கே வைத்திருந்தார்கள். சென்னையில் ஏப்ரல் 24 அளவில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் 18 அளவு வரை வடக்கே சாய்ந்தே ஓடுகிறது. அதாவது சித்திரையிலிருந்து மாலை வெயில் வடமேற்கிலிருந்து நேராகச் சந்துக்குள் இறங்கும். போன வருஷமும் வெற்றிலை சித்திரையில் கருகியது என்று அம்மா அப்போதுதான் நினைவுபடுத்தினார். சந்தின் மேற்கு வாயில் பக்கம் மட்டும் 50 சதவீத நிழல்வலையைத் திரை போலக் கட்டினோம். மேலே மூடவில்லை, காற்று நிற்கக் கூடாது. தோட்ட இடத்தைத் தை மாதத்தில் தேர்ந்தெடுப்பவர்கள் வெயிலின் இந்த இடமாற்றத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். வடக்குச் சுவர் நிழல் என்பது பாதி வருஷத்துக்குத்தான் உண்மை.

மாடியில் பைகள் வெறும் தளத்தில் இருந்தன. செங்கல்களின் மேல் ஏற்றி, அடியில் காற்று போக விட்டு, நெருக்கி அடுக்கினோம். வெளிவரிசைப் பைகளின் பக்கவாட்டில் பழைய சணல் சாக்கைச் சுற்றினோம். கருப்பு நிறத் தொட்டி மேற்கு வெயிலில் நின்றால் வேர்ப்பகுதி 40 டிகிரியைத் தாண்டும், வேர் நுனிகள் வெந்துபோகும். தண்ணீர் காலை ஏழு மணிக்குள் ஒரு முறை, சித்திரை பிறந்த பிறகு மாலையிலும் ஒரு முறை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் அடித்துளையில் வழியும் வரை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துவிட்டுப் போவது உப்பைச் சேர்க்கும் வழி.

தக்காளியை எடுத்துவிடச் சொன்னபோது அம்மாவின் முகம் வாடியது. உப்பைச் சரிசெய்தாலும் அது இனி காய்க்கப் போவதில்லை. இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்வதில்லை, பூ உதிரும். சித்திரையில் சென்னையின் இரவுகள் 26, 27 டிகிரியில் நிற்கின்றன. அந்தப் பைகளை வைகாசி வரை சும்மா பிடித்துவைப்பதில் பொருளில்லை. உப்பைத் தாங்குவதில் பயிருக்குப் பயிர் பெரிய வேறுபாடு உண்டு. மண்ணை நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றின் மின்கடத்துதிறனை வைத்து இதை அளக்கிறார்கள், உப்பு கூடக் கூட அந்த எண்ணும் கூடும். பீன்ஸ் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், கத்திரி 1.1-இல், மிளகாய் 1.5-இல், தக்காளி 2.5-இல். காராமணி 4.9 வரையிலும் கொத்தவரை 8.8 வரையிலும் தாங்கும். இவை இரண்டும் வெயிலையும் விரும்புபவை. ஆகவே காலியான பைகளில் கொத்தவரையும் காராமணியும் ஊன்றினோம், கூடவே தண்டுக்கீரை. மிளகாய்ச் செடிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு நிழல்வலைக்குள் நகர்த்தினோம். ஆடிப்பட்டத்தில் தக்காளி, கத்திரி விதைக்கலாம் என்று அம்மா சமாதானமானார்.

பூச்சி பற்றிக் குறைவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தளர்ந்திருந்த மல்லிகையில் சித்திரைத் தொடக்கத்தில் செம்பேன் வந்தது. இலையின் மேல்புறம் வெளிர்ப்புள்ளிகள், அடியில் நூலாம்படை. நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் தெளிப்பது வழக்கமான மருத்துவம், ஆனால் 35 டிகிரி வெயிலில் கந்தகம் இலையைப் பொசுக்கும். அதிகாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதையே விடாமல் செய்யச் சொன்னோம். செம்பேனுக்கு உலர்ந்த தூசிதான் சொர்க்கம், ஈரம் ஆகாது. செம்பருத்தியில் தலைகாட்டிய மாவுப்பூச்சிக்குப் பாதித்த நுனிகளைக் கிள்ளி எறிந்ததோடு நிறுத்திக்கொண்டோம். மருந்து வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி தமிழகமெங்கும் பப்பாளியையும் மல்பெரியையும் அழித்தபோது, 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு நுண்குளவிதான் அதை அடக்கியது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தக் குளவியின் வம்சம் இன்றும் நம் தோட்டங்களில் வேலை செய்கிறது. எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை அடித்தால் முதலில் சாவது அது.

கத்திரி வெயில் மே 4 அளவில் தொடங்கும். அந்த வாக்கில் என்ன மாற்றம் தெரிந்தது? மல்லிகையின் பழைய இலைகளில் கருகிய விளிம்பு அப்படியே இருந்தது, வெந்த திசு மீளாது. ஆனால் சித்திரை இரண்டாம் வாரத்தில் வந்த துளிர் முழுப் பச்சையாக வந்தது. சித்திரைக் கடைசியில் மொட்டு. வழக்கத்தைவிட ஒரு மாதத்துக்கு மேல் தாமதம், அளவும் குறைவு. முதல் நாள் பறித்ததைச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு மீதியை அம்மா தொடுத்துக்கொண்டிருந்தார். கொத்தவரை ஐந்தாறு வாரத்தில் பூத்துவிட்டது. கறிவேப்பிலை இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு நிறம் பிடித்தது. வெற்றிலையில் மேற்கு ஓரக் கொடியின் சில இலைகள் போயின, மற்றவை தப்பின.

மாமரத்தைப் பற்றி இவ்வளவு நம்பிக்கையோடு எழுத முடியாது. மா உப்பைச் சகிக்காத மரம். கழிவுக் குழாய் மாதக்கணக்கில் அதன் வேர்ப் பரப்பில் உப்பை இறக்கியிருக்கிறது. இந்த வருஷப் பிஞ்சு பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. மரத்தடியில் கிளைப் பரப்பின் ஓரம் வரை ஜிப்சம் இட்டு ஆழமாக நனைத்துவருகிறோம். ஆனால் மரத்தின் ஆழ்வேர் இருக்கும் மட்டம் வரை கால்சியம் இறங்க ஒரு பருவம் போதாது. அடுத்த தையில் பூ எடுக்கிறதா என்று பார்த்த பிறகே சொல்ல முடியும். காய்க்காவிட்டால் வெட்டிவிடலாமா என்று மகன் கேட்டதற்கு ஐயா பதிலே சொல்லவில்லை.

வைகாசியில் மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் திறந்து பார்த்தோம். மணலும் ஜல்லியும் வண்டல் மூடிக் கிடந்தன. அள்ளிக் கழுவி மறுபடி நிரப்பப்பட்டது. ஆனி, ஆடியில் மாலை இடிமழை பெய்யும்போதே மொட்டை மாடி நீர் உள்ளே இறங்கட்டும் என்று அவசரப்படுத்தினேன். கிணற்று நீரின் உப்பைக் குறைக்க அந்த வீட்டுக்கு வேறு வழியில்லை.

வைகாசிக் கடைசியில் டம்ளர் சோதனையை மறுபடி செய்தோம். பாத்தியின் மேல்மண் ஏறக்குறைய தெளிந்துவிட்டது. ஒரு முழ ஆழத்திலிருந்து எடுத்த மண் இன்னும் கலங்குகிறது. இப்படியே விட்டால் ஐப்பசி மழை, உப்பற்ற நீர் என்பதால், கீழ்மண்ணை மீண்டும் சேறாக்கி அடைத்துவிடும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் இன்னொரு முறை, சதுர மீட்டருக்கு அரைக் கிலோ ஜிப்சம் பாத்திக்கும் மரத்தடிக்கும் இட வேண்டும் என்று குறித்துக் கொடுத்திருக்கிறேன். சமையலறை நாட்காட்டியில் புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமையை அம்மா சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.